கலாமணி அம்மாளின் இடது கால்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மருதமலை விளக்குகள் தெரியும் தூரத்தில், எண்பது வயதுக்காரர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு 'இளந்தளிர்' என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு முப்பது வயது.

அங்கே அறைக்கு ஒரு தோழன் உண்டு. இடுப்பு உயரம், அடியில் சக்கரம், மெத்தென்ற இரண்டு கைகள், செய்தி வாசிப்பவரைப் போன்ற குரல். காபி கொண்டுவரும், குளிப்பாட்டிவிடும், சட்டைக்குப் பொத்தான் போடும், காலை மடியில் வைத்துக் கழுவித் துடைக்கும். ஆனால் கேட்காமல் எதையும் செய்யாது. அது தோழனின் பெருமை. நிறுவனத்தின் பெருமை அதைவிடப் பெரியது. ஓர் உதவியை ஒருவர் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அது அவருக்கு இனித் தேவையே இல்லை என்று முடிவுசெய்து தோழன் அதைக் கைவிட்டுவிடும். கைவிட்ட அன்று சாப்பாட்டுக் கூடத்தில் மணி அடிக்கும். எல்லோரும் கைதட்ட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஒரு செய்தி பறக்கும்: 'வாழ்த்துகள்! உங்கள் தாயார் இனிமேல் தாமாகவே குளிப்பார்.'

தாமாகக் குளிக்கிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. செய்தி மட்டும் தவறாமல் போயிற்று.

இதை உருவாக்கியவர்கள் படித்தவர்கள், நல்லவர்களும்கூட. ஆனால் கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக்குள் போய் ஒரு வாய் காபி குடித்தவர்கள் அல்ல. அங்கே வந்தவர் முதலில் வேண்டாம் என்பார், அது மரியாதை. வீட்டுக்காரர் விடக்கூடாது, அது கடமை. இரண்டாம் தடவை, "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அதற்கும் மேலே வற்புறுத்தினால், "செரி, அரை டம்ளர் போதுமுங்க" என்று இறங்கி வருவார். முழு டம்ளர் வரும். குடித்து முடித்துவிட்டு, "எதுக்குங்க இவ்வளவு" என்று கோபித்துக்கொள்வார். இரண்டு வீட்டுக்கும் திருப்தி.

தோழனுக்கு இது தெரியாது.

"காபி வேண்டுமா, ஐயா?"

"வேண்டாமுங்க. எதுக்குங்க சிரமம்."

"உங்கள் சொல்லே முடிவு" என்று சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் காபியுடன் தோழன் திரும்பிப் போய்விடும். முதியவர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு தடவை வந்து கேட்கும் என்று நம்பிக்கை. அது மறுநாள்தான் வரும். மறுநாளும் அவர் மரியாதையாகத்தான் பேசுவார்.

இப்படியாக அந்த இல்லத்தில் மரியாதை தெரிந்தவர்கள் எல்லோரும் இளைத்தார்கள். முதல் மாடியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். அவர், "ஏய், இன்னும் ரெண்டு வடை கொண்டா" என்று பேசிப் பழகியவர். அவர் மட்டும் மினுமினுவென்று இருந்தார்.

மூன்றாவது மாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாதவர் என்று கணிக்கப்பட்டவர்கள் அங்கே போவார்கள். லிப்டில் மேலே போனவர்களை மறுபடி கீழே யாரும் பார்த்ததில்லை. கீழே இருப்பவர்கள் மேலே போய்ப் பார்க்கவும் அனுமதி இல்லை. மனம் தளர்ந்துவிடுமாம்.

ஆறுச்சாமி தரைத்தளத்தில் இருந்தார். பஸ்கள் தாமாக ஓடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அவற்றை ஓட்டிய கடைசி டிரைவர்களில் ஒருவர். மனைவி இல்லை, மகன் நியூசிலாந்தில். சர்க்கரை உண்டு. அவரைப் போல 'வேண்டாமுங்க' சொல்ல ஆள் இல்லை. காபி போயிற்று, குளியல் போயிற்று, பொத்தான் போயிற்று, கடைசியில் கால் கழுவுவதும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தது. 'முழுச் சுயசார்பு' என்று எழுதி அவருடைய படத்தை வாசலில் மாட்டினார்கள். மார்பளவுப் படம். கால் தெரியாது.

கால் முதலில் தெரிந்தது கலாமணி அம்மாளுக்குத்தான். பல்லடம் பக்கத்தில் கணவரோடு கோழிப் பண்ணை நடத்தியவர். கணவர் காலமான பிறகு இங்கே வந்தார். சாயங்காலம் பூஜை அறையில் முருகன் பாட்டு நடக்கும்போது ஆறுச்சாமி முன்வரிசையில் உட்கார்ந்து ஜால்ரா தட்டுவார். சில நாட்களாகக் கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தார். கலாமணி அம்மாள் ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாம்பிராணிப் புகையையும் மீறி ஒரு வாடை வந்தது.

"ஏனுங்கண்ணா, காலுக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க, அம்மிணி."

"ஒரு செருப்புல மட்டும் வாரு அவுந்து கெடக்குது."

"அது செருப்போட கொறைங்க."

"காட்டுங்க பாக்கலாம்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? சாமி பாட்டு நடக்குதுங்க."

"சாமி எங்கயும் போகமாட்டாரு. காலு போயிரும். காட்டுங்கண்ணா."

ஆறுச்சாமி சுற்றும் பார்த்துவிட்டுக் காலுறையைக் கீழே தள்ளினார். அது பாதியில் ஒட்டிக்கொண்டது. இடது காலின் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அடியில் சீழ்.

கலாமணி அம்மாளின் காதில் பாட்டு நின்றுவிட்டது. "இதைய யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"அது கேட்டுதுங்க. 'காலைப் பார்க்கட்டுமா'ன்னு. பரவால்லீங்கன்னு சொன்னேன். மூணு நாளு கேட்டுது. அப்புறம் கேக்கறதையே நிறுத்திப்போட்டுது." கொஞ்சம் மனத்தாங்கலோடு சேர்த்துக்கொண்டார்: "இன்னொருக்கா கேட்டிருந்தா காட்டியிருப்பேனுங்க."

"நீங்களே கூப்பிட்டுச் சொல்றதுக்கென்னங்க?"

"நானா எப்புடீங்க கேக்கறது?" என்று ஆறுச்சாமி நிஜமாகவே அதிர்ச்சியடைந்தார்.

மறுநாள் காலை கலாமணி அம்மாள் மேலாளரைப் பார்க்கப் போனார். யுகேந்திரன் பணிவான இளைஞர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"அம்மா, அதை அவருதான் கேக்கணும்."

"அவரு கேக்க மாட்டாருங்க, கண்ணு. அவரு வளந்தது அப்புடி."

"அப்ப அவருக்குத் தேவையில்லைன்னு அர்த்தம்."

"காலு அழுகுதுங்க."

"அது அவரோட சொந்த விஷயம்மா. இன்னொருத்தர் உடம்பைப் பத்தி நீங்க பேசறதே விதிப்படி தப்பு. நீங்கங்கறதால நான் பதிவு பண்ணல."

"பக்கத்து ஊடு பத்திக்கிட்டு எரிஞ்சா, அவன் வந்து தண்ணி கேட்டாத்தான் ஊத்தோணுமுங்களா?"

"அழகாச் சொன்னீங்கம்மா!" யுகேந்திரனின் முகம் மலர்ந்தது. "நம்ம ஆண்டு மலர்ல இதைப் போடலாம்."

கலாமணி அம்மாள் பொறுமையாகத் தொடர்ந்தார். "அந்த மெசினுக்குக் கண்ணு இருக்குதில்லீங்க? அது பாத்துச் சொல்லாதுங்களா?"

"முன்னெல்லாம் சொல்லிட்டிருந்துச்சு. ஒரு அம்மா எனக்கு ஒரு குறையும் இல்லைன்னாங்க. இது, 'இல்லை, உங்களுக்கு ஞாபகம் குறைகிறது'ன்னு சொல்லிருச்சு. பையன் கேஸ் போட்டுட்டாரு. அதிலிருந்து கம்பெனி தெளிவா முடிவு பண்ணிருச்சு. இங்க இருக்கறவங்க தங்களைப் பத்தி என்ன சொல்றாங்களோ அதுதான் உண்மை. தோழன் தன் கண்ணால பாத்தது கணக்கில்ல."

"நான் என்னையப் பத்திச் சொன்னா அது உண்மைங்களா?"

"நூத்துக்கு நூறு."

"எனக்குக் காலுல புண்ணுன்னு சொன்னா?"

"உடனே மருந்து வரும். ஆனா அது ஆறலைன்னா உங்களை மேல மாத்திருவோம்மா. மூணாவது மாடிக்கு. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு." பிறகு நினைவு வந்தவராக, "காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க."

அவரும் அத்தோடு விட்டுவிட்டார்.

கலாமணி அம்மாள் நேரே பூஜை அறைக்குப் போனார். வாழ்நாளில் பெரிய பொய் சொன்னவர் இல்லை. முட்டை வியாபாரத்தில் சின்னச் சின்னதாக இருந்திருக்கலாம். "முருகா, பொய் சொல்லப்போறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடு" என்று வேண்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். முருகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இல்லத்து விதிப்படி அதற்குச் சம்மதம் என்றுதான் பொருள்.

அறைக்கு வந்து தோழனைக் கூப்பிட்டார். "என்ர எடது காலுல புண்ணு வந்துருச்சு. சீழ் வெக்கிது."

தோழன் குனிந்தது. பித்தவெடிப்புகூட இல்லாத அந்தக் காலின் மேல் அதன் இரண்டு சிறு விளக்குகள் ஊர்ந்தன.

"எனக்குக் காயம் எதுவும் தெரியவில்லை, அம்மா."

"எனக்குத் தெரியுது."

"உங்கள் சொல்லே முடிவு." மருந்தும் துணியும் மாத்திரையும் வந்தன. "நான் கட்டிவிடட்டுமா?"

"வேண்டாம். நானே கட்டிக்கறேன்."

"மிக்க மகிழ்ச்சி. தன்னைத்தானே கவனித்துக்கொள்பவரே நீண்ட நாள் வாழ்வார்" என்று தோழன் பாராட்டியது.

மருந்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஆறுச்சாமியின் அறைக்குப் போனார். கட்டட்டுமா என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, என்னங்க இது, காலத் தொட்டுக்கிட்டு..."

"வாய மூடிட்டு இருங்கண்ணா. கோழிக்கு ஊசி போட்டவ நான். அது உங்களவிட ஒதைக்கும்."

வீட்டில் இரகசியம் தங்காது. அதுவும் முதியோர் இல்லத்தில். சில நாட்களில் எல்லோருக்கும் வழி புரிந்துவிட்டது. தனக்கென்று கேட்கக் கூசிய அதே வாய்களுக்கு, பக்கத்து அறைக்காரருக்காகக் கேட்பதில் எந்தக் கூச்சமும் இல்லை. தன் பெயரில் கேட்டு அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சாவித்திரி டீச்சர் தனக்கு முகச்சவரம் வேண்டும் என்றார். நுரையும் கத்தியுமாக வந்து நின்ற தோழனிடமிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு, கை நடுங்கும் எதிர் அறைக்காரரிடம் போனார். மருதாசலம் தாத்தா தனக்கு ரவிக்கைக் கொக்கி மாட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார். தோழன் அவருடைய பனியனை ஒரு கணம் பார்த்தது. "உங்கள் சொல்லே முடிவு" என்றது. காபி கொண்டுவந்த இடத்தில் ஒருவரும் குடிக்கவில்லை. எல்லாக் காபியும் ஒரு கதவு தள்ளிப் போய்க் குடிக்கப்பட்டது. இளைத்தவர்கள் தேறினார்கள். மணி அடிப்பது குறைந்தது. யுகேந்திரன் கவலையோடு தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் எழுதினார்: பருவமழைக் காலத்தில் முதியவர்களுக்கு மனஉறுதி குறைவது இயல்பு.

ஆனால் ஆறுச்சாமியின் விரல் தேறவில்லை. ஒரு சாயங்காலம் கலாமணி அம்மாள் கட்டைப் பிரித்தார். கறுப்பு பக்கத்து விரலின் அடிவரை வந்திருந்தது. இன்னும் விட்டால் பாதமே போய்விடும் என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

அன்றே தோழனிடம் சொன்னார்: "புண்ணு ஆறல. வெரலு கறுத்துப்போச்சு."

"அப்படியானால் உங்கள் இடது சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருக்கும், அம்மா. நாளை ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்கிறேன். சம்மதமா?"

ரோஜா நிறத்தில் இருந்த தன் சுண்டுவிரலை அவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சம்மதம். தொணைக்கு ஒரு ஆளு கூட்டிட்டு வரலாமுங்களா?"

"உங்கள் உரிமை."

ஆறுச்சாமியிடம் போய், "அண்ணா, நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். தனியாப் போக பயமா இருக்குதுங்க" என்றார்.

தன் காலுக்காக வாசல்படியைக்கூடத் தாண்டாத மனிதர். "அட, அதுக்கென்னங்க! நான் வரேன்" என்று அப்போதே சட்டையை எடுத்து மாட்டினார். மறுநாள் டிரைவர் இல்லாத வண்டியில் கலாமணி அம்மாளின் பையையும் தானே தூக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே வந்து ஏறினார். வழி முழுவதும் அவருக்குத் தைரியம் சொன்னார். வண்டி பிரேக் போடும் விதத்தைக் குறை சொன்னார்.

கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் மனிதர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. டாக்டர் பர்வீன் ஐம்பது வயதுப் பெண்மணி. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த முகம்.

"கலாமணி அம்மா யாரு?"

"நானுங்க."

"காலைக் காட்டுங்க."

கலாமணி அம்மாள் ஆறுச்சாமியின் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் காலைப் பார்த்தார். முழங்கால்வரை நரைத்த முடி. மடித்துக் கட்டிய வேட்டி. அதற்கு மேலே மீசை. "இது யாரு காலு?"

"என்ரதுதானுங்க" என்றார் கலாமணி அம்மாள்.

"ஏம்மா, காலைல இருந்து இது எனக்கு எட்டாவது ஆபரேஷன். விளையாடாதீங்க."

கலாமணி அம்மாள் அவரை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்டுவிட்டு ஆறுச்சாமியிடம் திரும்பினார்.

"ஐயா, உங்க பேருலயே மாத்திடறேன். இந்த விரலை எடுக்கணும். எடுக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ போயிரும். எடுக்கட்டுமா? வேணும்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லுங்க. இங்க பதிவாயிடும்."

ஆறுச்சாமி சுவரில் இருந்த பதிவுப் பெட்டியைப் பார்த்தார். "எனக்கெதுக்குங்க... அந்தம்மிணியப் பாருங்க மொதல்ல. நான் தொணைக்கு வந்தவன்."

"மறுத்தார் என்று பதிவு செய்யட்டுமா?" என்றது பெட்டி.

"இரு இரு!" என்று அதன் வாயை அடைத்த டாக்டர், தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் கலாமணி அம்மாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பேருலயே பண்ணினா, நாளைக்கு உங்க இல்லத்துல உங்களைத்தான் மேல தூக்கிட்டுப் போவாங்க. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வந்திருப்பாருங்களா?"

டாக்டர் ஆறுச்சாமியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டியிடம் சொன்னார்: "நோயாளி கலாமணி. இடது சுண்டுவிரல். ஆரம்பிக்கலாம்." பொய் சொன்ன பாவத்தில் தனக்கும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். அப்படிப் பங்கு போட்டுக்கொண்ட பாவங்களைக் கடவுள் எப்படிக் கணக்கு வைப்பாரோ, நமக்குத் தெரியாது. கொஞ்சம் தாராளமாகத்தான் வைப்பார்.

"மரத்துப்போற ஊசி போடணும், ஐயா. போடட்டுமா?"

"வேண்டாமுங்க. எதுக்குங்க சிரமம்."

"சிரமம் ஒண்ணுமில்ல. போட்டுக்கங்க."

"பரவால்லீங்க, நான் தாங்கிக்குவேன்."

"அட, போட்டுக்கங்க ஐயா. என் திருப்திக்கு."

"செரி" என்றார் ஆறுச்சாமி. "கொஞ்சமாப் போடுங்க."

டாக்டர் முழு ஊசியும் போட்டார்.

அன்று மாலை இளந்தளிர் வாசலில் வண்டி நின்றதும் இரண்டு தோழர்கள் சக்கர நாற்காலியோடு வந்து கலாமணி அம்மாளை உட்காரவைத்து லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு போயின. விரல் போன ஆறுச்சாமி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். லிப்டு வாசலில் அவரைத் தடுத்துவிட்டன. "தாங்கள் முழுச் சுயசார்பு உடையவர், ஐயா. மேலே தங்களுக்கு வேலை இல்லை."

"அம்மிணி எப்பக் கீழ வருவாங்க?"

"அவர் இனிக் கீழே வர வேண்டிய தேவை இல்லை."

அப்போதுதான் ஆறுச்சாமிக்குப் புரிந்தது. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்வது அடக்கம் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தார். யாருக்கும் தொந்தரவு இல்லாத மனிதர் என்று ஊரே சொல்லும். அதில் உள்ளுக்குள் ஒரு கர்வமும் உண்டு. அவர் வாங்கிக்கொள்ள மறுத்ததை வேறொருவர் சுமந்துகொண்டு மேலே போக நேரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கொடுப்பது புண்ணியம் என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளவும் ஒரு பெருந்தன்மை வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் யுகேந்திரனிடம் போய், அது தன் கால் என்று சொன்னார். கட்டைக்கூடக் காட்டினார். யுகேந்திரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல இருந்தவங்க மேல போயிட்டா இப்படித்தான் ஐயா தோணும். ஆனா நீங்க இன்னொருத்தர் விரலைப் பத்திப் பேசக்கூடாது. அது கலாமணி அம்மாவோட விரல். பதிவுல இருக்கு" என்றார்.

மேலே போக ஒரே வழிதான் மிச்சம். ஆறுச்சாமி அறைக்கு வந்து தோழனைக் கூப்பிட்டார். பஸ் படியில் தொங்கிய கல்லூரிப் பிள்ளைகளையெல்லாம் அதட்டிய குரல், வெளியே வர மறுத்தது.

"ஒண்ணுமில்லீங்க... உங்களுக்குத் தொந்தரவு இல்லீன்னா, இந்தச் சட்டைப் பொத்தான..."

"தொந்தரவு என்று தாங்கள் கருதினால் விட்டுவிடுகிறேன்."

"இரு! போகாத!" வியர்த்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். "போட்டு உடு. எனக்குப் போட முடியல."

"உங்கள் சொல்லே முடிவு."

ஒன்றைச் சொன்ன பிறகு மற்றவை கொஞ்சம் எளிதாக வந்தன. குளிப்பாட்டி விடு. தலை துவட்டி விடு. எழுப்பி உட்கார வை. சோறு ஊட்டு. படுக்கத் தெரியவில்லை, படுக்க வை. கூச்சத்தில் அவருக்குக் காது சிவந்தது. கீழே இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்து, கதவோரம் வந்து நின்று சொல்லிக்கொடுத்தார்கள். "மூக்குச் சிந்தி உடச் சொல்லுங்க ஆறுச்சாமி, அது பெரிய மார்க்கு!" என்றார் சாவித்திரி டீச்சர். வாசலில் இருந்த அவருடைய படத்தை நிர்வாகத்தார் கழற்றினார்கள். அந்த வாரம் முடியும் முன்னே சக்கர நாற்காலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து லிப்டில் ஏறும்போது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸில் ஏறியவரைப் போல ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மாடி சுத்தமாக இருந்தது. நல்ல காற்று. அங்கே தோழர்கள் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே வந்தவர்களின் சொல் செல்லாது. கீழே வேண்டாம் என்றால் மூன்று தடவையில் எல்லாம் போய்விடும். மேலே முந்நூறு தடவை சொன்னாலும் எதுவும் போகாது. இரண்டையும் ஒரே அறிவாளிகள்தான் உருவாக்கினார்கள்.

கலாமணி அம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். ஒரு குறையும் இல்லாத இடது காலில் பெரிய கட்டு. நடக்கக்கூடாது என்று காலைக் கட்டிலோடு சேர்த்துப் பட்டை போட்டிருந்தது. எதிரே நின்ற தோழன் ரவா கிச்சடியைக் கரண்டியில் எடுத்து நீட்டியது. அவர் கன்னம் ஏற்கெனவே உப்பியிருந்தது.

"போதுஞ் சாமி" என்றார் வாய்க்குள் கிச்சடியோடு. அடுத்த கரண்டி வந்தது. "போதுமுங்கறேன்." அடுத்த கரண்டி. வாழ்நாளெல்லாம் வந்தவர்களுக்கு வற்புறுத்திப் போட்ட பெண்மணியின் கண்ணில் நீர் தளும்பியது.

"ஏனுங்க அம்மிணி" என்றது ஒரு குரல்.

அவர் திரும்பிப் பார்த்தார். விழுங்கினார். "அண்ணா! நீங்க எப்புடி இங்க? காலுக்கு என்னாச்சுங்க?"

"காலு தேறிட்டு வருதுங்க. எனக்குத்தான் ஒண்ணும் முடியலீங்க" என்றார் ஆறுச்சாமி பெருமையாக. "பொத்தான் போட முடியல, குளிக்க முடியல. மூக்குக்கூடச் சிந்த முடியல. விசாரிச்சுப் பாருங்க."

"அட பாவி மனுசா. எதுக்குங்க இப்புடிப் பண்ணுனீங்க?"

அதற்குள் அடுத்த கரண்டி அவர் உதட்டருகே வந்துவிட்டது. கலாமணி அம்மாள் முகத்தைத் திருப்பினார், கரண்டியும் திரும்பியது. ஆறுச்சாமி நாற்காலியை முன்னே உருட்டினார். கட்டிலின் பட்டையை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டே, கரண்டிக்கும் அவருக்கும் நடுவில் தன் தலையை நீட்டினார். எச்சில் கரண்டியாயிற்றே என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு எண்பது வயது மீசைக்குக் கீழே வாயை அகலத் திறந்தார்.

தோழன் கொஞ்சம் யோசித்தது. தட்டு காலியாக வேண்டும் என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. எந்த வாய் என்று யாரும் சொல்லவில்லை. ஊட்டியது.

ஆறுச்சாமி மென்றார். கலாமணி அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, விடுபட்ட காலை மெதுவாக ஆட்டிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நல்லா இருக்குதுங்களாண்ணா?"

"உப்புக் கொஞ்சம் கம்மிங்க" என்றார் ஆறுச்சாமி. தட்டில் இன்னும் பாதி இருந்தது. அவர் தோழனைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு இன்னும் வேணும். போடு."